யன்னலில் வடிந்த தண்ணீர்: இரண்டு குளிர்காலக் கணக்கு

இந்த ஜனவரியில் ஒரு விடியப்புறம், வெளியே மைனஸ் 16 பாகை. அம்மாவின் அறைத் திரைச்சீலையை விலக்கி யன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் தடவினேன். கை காய்ந்தே வந்தது. கீழ் விளிம்பில் மட்டும் நூல் பிடித்தாற்போல ஓர் ஈரக்கோடு. முந்தின குளிர்காலம் முழுக்க இதே கண்ணாடியை அம்மா காலையில் எழும்பியதும் துவாயால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தத் துவாயை ஒற்றுமுன்னும் ஒற்றிய பின்னும் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். 90 கிராம் வித்தியாசம். ஒரு யன்னல், ஓர் இரவு, அரைக் கோப்பைத் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் தேவைப்பட்டது. போன வழியெல்லாம் சரியான வழியல்ல. இப்போது ஒரு நிலைக்கு வந்துவிட்டதால், குறிப்புப் புத்தகத்தில் கிடந்த அளவுகளை வைத்து வரிசையாக எழுதுகிறேன்.

எங்களுடையது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய செங்கல் வீடு. பேஸ்மென்டில் தம்பி இருக்கிறான். மேலே நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும். மொத்தம் ஆறு பேர். பழைய யன்னல்கள் அலுமினியச் சட்டத்தில் ஓடுகிறவை. காற்றடித்தால் திரைச்சீலை ஆடும். 2023 அக்டோபரில் மேலே உள்ள ஒன்பது யன்னல்களையும் மாற்றினோம். புதியவை வைனில் சட்டம், இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கன் வாயு, வெப்பத்தை உள்ளே திருப்பிவிடும் மெல்லிய பூச்சு. ஒட்டியிருந்த தாளில் யூ-மதிப்பு, அதாவது சூடு எவ்வளவு வெளியே கடக்கும் என்ற அளவு, 1.53 என்று போட்டிருந்தது. பூட்டிய அன்றிரவே அறைகளில் குளிர்காற்று நின்றுவிட்டது. வீதியில் பஸ் போகும் சத்தம்கூடக் குறைந்தது.

நவம்பர் கடைசியில் முதல் உறைகுளிர் வந்த காலை, ஒன்பது யன்னல்களில் ஆறு வேர்த்திருந்தன. பழைய ஓட்டை யன்னலில் இப்படித் தண்ணீர் வடிந்ததே இல்லை. புதியதில் வடிகிறது. யாராயிருந்தாலும் யன்னலில்தான் பிழை என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். இரண்டு கண்ணாடிக்கும் இடையில் உள்ள அடைப்பு விட்டுவிட்டது என்றே முடிவு கட்டி, பூட்டியவர்களுக்கு எடுத்துக் கொஞ்சம் காரமாகவே கதைத்தேன்.

வந்த பெடியன் கருவி ஒன்றும் எடுக்கவில்லை. கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தான். கோடு விழுந்தது, விரல் நனைந்தது. "அண்ணை, ரெண்டு கண்ணாடிக்கும் இடையில ஈரம் நின்றால் எங்கட பிழை, நான் மாத்தித் தாறன். இது உங்கட வீட்டுக் காத்து. துடைச்சால் போகுதெல்லோ." அவன் சொன்னது முழுக்கச் சரி. இடையில் ஈரம் நின்றால் எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது. ஓரத்துச் சட்டத்துக்குள் இருக்கிற ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம், கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். வெளிப்பக்கத்தில் ஈரம் பிடித்தால் அது நல்ல யன்னல்: வீட்டுச் சூடு வெளிக்கண்ணாடிக்குப் போய்ச்சேராததால் இலையுதிர்கால விடியலில் புல்லில் போலவே அதிலும் பனித்துளி பிடிக்கிறது. உட்பக்கத்தில் பிடித்தால் வீட்டை விசாரிக்க வேண்டும். இந்த விரல் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. அதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆனாலும் மனம் யன்னலை விட்டுப் போகவில்லை. கண்ணாடிதானே குளிர்கிறது, அதை மூடினால் சரி என்று நினைத்து, கடையில் விற்கிற சுருங்கும் பிளாஸ்டிக் தாள் பெட்டி ஒன்று வாங்கினேன், 19 டொலர். பிள்ளைகளின் அறையில், வடக்குப் பார்த்த யன்னலில், மரச்சட்டத்தைச் சுற்றி இருபக்க ரேப் ஒட்டி, தாளை விரித்து, தலைமயிர் உலர்த்தியால் சூடு காட்டினேன். கண்ணாடி மாதிரி இறுகி வடிவாக நின்றது. நாலாம் நாள் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உறைபனி பூத்திருந்தது. மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி. அறைக்காற்று அதற்குள்ளால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. தாள் போட்டதால் கண்ணாடி முன்பைவிடக் குளிர்ந்துபோயிற்று, போன ஈரமெல்லாம் அங்கேயே உறைந்தது. துடைக்கவும் வழியில்லை. தாளைக் கழற்றும்போது ரேப்போடு பெயின்ரும் உரிந்து வந்தது. முழுதாகக் காற்றுப் புகாமல் அடைக்க முடியாத இடத்தில் இந்தத் தாளைப் போடவே கூடாது.

அடுத்த பிழை 64 டொலருக்கு வாங்கிய சின்ன ஈரம் உறிஞ்சும் பெட்டி. உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிற வகை. அம்மாவின் அறையில் ஒருநாள் முழுக்க ஓடியது. தொட்டியில் 170 மில்லி. அப்போது அது கொஞ்சமா கூடவா என்றுகூட எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் காற்றில் கலக்கிறது என்று அளந்து வைத்திருக்கவில்லையே.

அங்கேதான் புத்தி வந்து அளக்கத் தொடங்கினேன்.

ஈரப்பதமானி மூன்று வாங்கினேன், ஒன்று 13 டொலர். மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால் மூன்றும் மூன்று கணக்குச் சொன்னது. அவற்றைச் சரிபார்க்கக் குசினியிலேயே வழி இருக்கிறது. போத்தல் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் சேறுபோல் நிற்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, மானிகளோடு சேர்த்து இறுக்கி மூடும் பையில் வைத்து ஓர் இரவு விட வேண்டும். அறை வெப்பநிலையில் அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். காலையில் என் மானிகள் 71, 78, 74 என்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் மறைப்பு ரேப் ஒட்டி "கூட்டு 4", "கழி 3", "கூட்டு 1" என்று எழுதினேன். இதற்குப் பிறகுதான் அந்த எண்களை நம்பினேன்.

அம்மாவின் அறை, இரவு 11 மணி, கதவு சாத்தியபடி: 20 பாகை, ஈரப்பதம் 58 சதவீதம். அட்டவணையில் பார்த்தால் இப்படிப்பட்ட காற்று பதினொன்றரைப் பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் தண்ணீராகிவிடும். அப்படியென்றால் கண்ணாடி எத்தனை பாகையில் நிற்கிறது? 34 டொலருக்கு ஓர் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன். வெறுங்கண்ணாடியில் நீட்டினால் எண் குதித்துக்கொண்டே இருந்தது, சாய்த்துப் பிடித்தால் ஒன்று, நேரே பிடித்தால் இன்னொன்று. கறுப்பு மின்ரேப்பில் தபால்தலை அளவு துண்டுகள் வெட்டி, கண்ணாடியின் நடுவிலும் கீழ் விளிம்பிலும் ஒட்டி, அவற்றில் குறிவைத்த பிறகு எண் நிலையாக நின்றது.

வெளியே மைனஸ் 14 இருந்த இரவு, திரைச்சீலை திறந்திருக்க, நடுக் கண்ணாடி 13.5, கீழ் விளிம்பு 7. திரைச்சீலையை இழுத்து மூடி இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நடுவில் 9.5, கீழே 3.5. இந்த நாலு எண்களையும் பதினொன்றரைக்குப் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்தபோது முழுக் கதையும் விளங்கியது. திறந்திருந்தால் நடு காயும், ஓரம் நனையும். மூடினால் முழுக் கண்ணாடியும் நனையும். இரண்டு கண்ணாடியையும் பிடித்து நிற்கிற ஓரத்துச் சட்டம் குளிரை நேரே கடத்துகிறது, உள்ளே குளிர்ந்த வாயுவும் கீழேதான் இறங்குகிறது. அதனால் எந்த இரட்டைக் கண்ணாடியிலும் கீழ் விளிம்பு முதலில் நனையும். திரைச்சீலையோ அறைச்சூட்டைக் கண்ணாடிக்குக் கிட்டவிடாமல் தடுக்கிறது, ஆனால் ஈரம் அதனூடாகப் போய்விடுகிறது.

யன்னல் தன் வேலையைச் செய்கிறது. 58 என்ற எண்தான் பிழை.

அந்த 58 எங்கிருந்து வருகிறது என்று தேட எனக்கு உதவியது, ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற தூக்குத்தராசு. எங்கள் ஆட்கள் வீட்டில் இது இல்லாத வீடு இராது. தம்பி பேஸ்மென்டில் கொடி கட்டி உடுப்புக் காயவிடுவான். மின்சாரமும் மிச்சம், பருத்தி சுருங்காது என்று நான்தான் கட்டிக்கொடுத்தேன். மெசினிலிருந்து எடுத்த ஒரு கூடை உடுப்பு 11.2 கிலோ. மறுநாள் காய்ந்ததும் 8.5. இரண்டு லீற்றர் 700 மில்லி தண்ணீர் ஓர் இரவில் காற்றில் போயிருக்கிறது. கிழமைக்கு நாலு கூடை. கொடிக்கு நாலடி தள்ளி, வீட்டுக்குச் சூட்டுக்காற்று அனுப்புகிற ஃபேர்னஸின் காற்றிழுக்கும் வாய். அது அந்த ஈரத்தை உறிஞ்சி எல்லா அறைக்கும் பகிர்ந்துகொண்டிருந்தது.

புட்டு அவிக்கிற நாளில் பானையைத் தண்ணீரோடு தூக்கிப் பார்த்தேன். அவித்து முடிய 900 கிராம் குறைந்திருந்தது. மாவுக்குள் கொஞ்சம் போயிருக்கும். மிச்சமெல்லாம் குசினிக் கூரைக்குப் போனது. அம்மாவின் கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும் குளிர்காலத்துக்கு உள்ளே வந்துவிடும், நாலு சாடி. அவற்றுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் ஊற்றுகிறோம், அவ்வளவும் இலை வழியாகவும் மண் வழியாகவும் வீட்டுக் காற்றுக்கே வருகிறது. ஆறு பேர் குளிப்பதையும் மூச்சு விடுவதையும் அளக்க என்னிடம் தராசில்லை. இதற்கு முன்னால் 170 மில்லி பிடிக்கிற பெட்டி என்ன செய்யும்? அதை அன்றைக்கே நிறுத்தினேன்.

ஆனால் பெரிய ஆச்சரியம் ஃபேர்னஸிலேயே இருந்தது. அதன் பக்கவாட்டில் தட்டையான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, செப்புக்குழாய் ஒன்று அதற்குள் போகிறது. வீடு வாங்கிய நாளிலிருந்து பார்க்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. அது ஹியூமிடிஃபையர். காற்றுக்கு ஈரம் சேர்க்கிற கருவி. பக்கத்துக் குழாயில் இருந்த திருகு 45 சதவீதத்தில் நின்றது. திருகைச் சுற்றியே அச்சடித்திருந்தார்கள்: வெளியே மைனஸ் 12 என்றால் 30, மைனஸ் 18 என்றால் 25, மைனஸ் 29 என்றால் 15. முந்தின சொந்தக்காரரைப் பிழை சொல்ல முடியாது. பழைய யன்னல் இடுக்குகளால் வறண்ட குளிர்காற்று புகுந்துகொண்டே இருந்த வீட்டில் உதடு வெடித்திருக்கும், அவர் கூட்டிவைத்திருக்கிறார். அந்த இடுக்குகள்தான் இவ்வளவு காலமும் எங்கள் புட்டுப்பானை ஆவியையும் வெளியே கொண்டுபோனவை. நாங்கள் அவற்றை அடைத்தோம், திருகைத் தொடவில்லை.

செப்புக்குழாயின் வால்வை மூடினேன், காற்றுத் தகட்டைக் கோடைப்பக்கம் திருப்பினேன். இரண்டு நிமிட வேலை. நாலாம் நாள் மானி 52. உடுப்பை, ஈரக்காற்றை வெளியே ஊதுகிற ட்ரையருக்கு மாற்றினோம். அதன் குழாயைக் கழற்றி இரண்டு கைப்பிடி பஞ்சுத்தூசும் எடுத்தேன், தீப்பிடிக்கிற பொருள் அது. ஒரு கிழமையில் 48. ஓரங்கள் இன்னும் நனைந்தன.

அடுத்தது குளியலறை ஃபேன். சத்தம் போடும், சுழலும். அதன் முகத்தில் ஒரேயொரு மென்தாளைப் பிடித்தேன், ஒட்டவில்லை, விழுந்தது. சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை. ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, முகமூடியும் தலைவிளக்கும் போட்டுக்கொண்டு, கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்குக்குள் ஏறினேன்.

அந்தக் காட்சியை மறக்க மாட்டேன். கூரைப் பலகையிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகளில் எல்லாம் உறைபனி பூத்திருந்தது. குளியலறைக்கு மேலே மட்டும். விளக்கைத் திருப்பினால் மற்றப் பக்கத்து ஆணிகள் வெறும் இரும்பாக, காய்ந்து நின்றன. ஃபேனிலிருந்து வந்த வளையும் குழாய், கூரைத் துவாரத்திலிருந்து கழன்று, ஒரு முழம் தள்ளிச் சாய்ந்து கிடந்தது. ஆறு பேர் குளித்த ஆவியில் கொஞ்சம் அட்டிக்குக்குள் போயிருக்கிறது, மிச்சம் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. குழாயின் நடுவில் ஒரு தொய்வு, அதில் ஒரு குவளைத் தண்ணீர். குளிர் காக்கக் கீழே பரப்பியிருந்த கடதாசிப் பஞ்சு நனைந்து கூழாகியிருந்தது. ஒரு குப்பைப் பை நிறைய அள்ளி எறிந்துவிட்டுப் பக்கத்துப் பஞ்சை இழுத்து மூடினேன். யன்னல் வேர்க்காமல் விட்டிருந்தால் நான் அந்த ஏணியில் ஏறியே இருக்க மாட்டேன். கூரைப் பலகை உக்கிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

புதிதாகக் காப்பு உறையோடு கூடிய 4 அங்குலக் குழாய் எட்டடி வாங்கினேன், 38 டொலர். உறையில்லாததைப் போட்டால் அட்டிக்கின் குளிரில் குழாய்க்குள்ளேயே நீர் பிடித்து ஃபேன் வழியாகச் சொட்டும். இரண்டு இரும்பு வளையம் 6, அலுமினிய ஒட்டுரேப் 14. துணி ரேப் போட வேண்டாம், பழைய குழாய் கழன்றதே அது காய்ந்து உரிந்ததால்தான். குழாயைத் தொய்வில்லாமல் நேரே இழுத்து, வளையத்தால் இறுக்கி, மேலே ரேப் சுற்றினேன். குறுக்குச் சட்டங்களில் மட்டும் முழங்கால் ஊன்ற வேண்டும். நடுவில் கால் வைத்தால் கீழறைக் கூரை உடைந்து போகும். ஃபேனையும் மாற்றினேன்: நிமிடத்துக்கு 110 கன அடி, 129 டொலர். சுவிட்சுக்குப் பதில் அரை மணித்தியாலத்தில் தானே நிற்கும் நேரச்சுவிட்ச், 32. மின்கம்பி வேலைக்கு முதலில் பிரேக்கரை அணைத்துப் பரிசோதனைப் பேனாவால் தொட்டுப் பார்த்த பிறகே கைவைத்தேன். பூட்டி முடித்து மென்தாளைப் பிடித்தால் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஒரு கிழமையில் வீட்டு ஈரப்பதம் 41.

வெளியே குளிர்காற்றும் 80 சதவீத ஈரப்பதம் என்றுதானே வானிலையில் சொல்கிறார்கள், அதை உள்ளே விட்டால் எப்படிக் காயும் என்று மனைவி கேட்டாள். மைனஸ் 10 பாகைக் காற்று தாங்கக்கூடிய ஈரமே மிகக் கொஞ்சம். அதே காற்றை 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பத்துச் சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதனால் குளிர்காலத்தில் வீட்டைக் காயவைக்க, வெளிக்காற்றைவிட மலிவான மருந்து இல்லை. அந்தக் குளிர்காலம் முடியும்வரை சமைக்கும்போது குசினி யன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவைத்தோம்.

குசினியில் அடுப்புக்கு மேலே காற்றிழுக்கிற ஹூட் இருக்கிறதே என்றால், அது வெளியே ஊதாத வகை. கரித்தட்டு ஒன்றின் வழியாகக் காற்றை இழுத்து முகத்துக்கே திருப்பி ஊதும். வாசனையைக் கொஞ்சம் பிடிக்கும், நீராவியைப் பிடிக்காது. உள்ளே பார்த்தபோது அது இரண்டு வகையிலும் பூட்டக்கூடிய ஹூட். பின்பக்கத் தகட்டைக் கழற்றிக் குழாய் பொருத்தினால் வெளியே ஊதும். மே மாதம் செங்கல் துளைக்கும் வட்டத் துளைகருவியை ஒருநாள் வாடகைக்கு எடுத்தேன், 118 டொலர். 6 அங்குலக் குழாய்க்கு 7 அங்குலத் துளை. முதலில் உள்ளிருந்து ஒரு மெல்லிய துளை போட்டு, அது வெளியே எங்கே வருகிறது என்று பார்த்து, அதை மையமாக வைத்து வெளியிலிருந்து துளைத்தேன். நாற்பது நிமிடம். அடுத்தநாள் தோள் எழும்பவில்லை, இரண்டு பேராகச் செய்ய வேண்டிய வேலை அது. குழாயும், காற்று திரும்பி வராமல் மடல் வைத்த வெளிமூடியும் 57, அடைப்புப் பசை 9.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனமாக வாசியுங்கள். வீடு இறுக்கமாக இருக்கும்போது பலமான ஹூட் காற்றை வெளியே தள்ளினால், அந்த அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எங்கள் எரிவாயு வெந்நீர்த்தாங்கி இயற்கை இழுவையில் புகையைப் புகைக்கூண்டுக்கு விடுகிற பழைய வகை. ஹூட்டை உச்சத்தில் போட்டு, குளியலறை ஃபேனையும் ட்ரையரையும் ஓடவிட்டு, தாங்கியின் மேல்வாயருகில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை கூண்டுக்குள் போகாமல் என் பக்கம் திரும்பி வந்தது. எரிவாயுப் புகையும் அப்படித்தான் திரும்பி வரும். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கலாம், அது மணக்காது, ஆளைக் கொல்லும். உடனே எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஹூட்டைக் குறைந்த வேகத்தில் போட்டுக் குசினி யன்னலை இரண்டு விரல் திறந்தபோது ஊதுபத்திப் புகை நேரே கூண்டுக்குள் ஏறியது. உரிமம் உள்ள எரிவாயுத் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உச்ச வேகத்தை இணைப்பிலேயே துண்டித்துவிடச் சொன்னார், செய்தோம். நவம்பரில் குளிர் தொடங்கியதும் ஊதுபத்திச் சோதனையைத் திரும்பச் செய்தேன். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒவ்வொரு படுக்கையறைப் பக்கமும் இருக்கிறது. இழுக்கிற ஃபேன் எதையும் புதிதாகப் பூட்டுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடவேண்டாம்.

மிச்சம் இருந்தது அம்மாவின் அறை. வீடு முழுக்கக் காய்ந்தாலும் அந்த அறை மட்டும் நாலைந்து சதவீதம் கூட நின்றது. கதவு சாத்தியபடி, தடித்த திரைச்சீலை தரைவரை. யன்னலுக்கு நேர்கீழே தரையில் சூட்டுக்காற்று வரும் துவாரம் இருக்கிறது. இங்கே வீடு கட்டுகிறவர்கள் அதை யன்னலுக்குக் கீழே வைப்பதே கண்ணாடியைச் சூடுபடுத்தத்தான். நாங்களோ திரைச்சீலையை அதன்மேல் தொங்கவிட்டு, முன்னால் கட்டிலையும் போட்டிருந்தோம். கட்டிலை ஒன்றரை அடி தள்ளினேன். திரைச்சீலையின் அடியை மடித்துத் தைத்து, யன்னல் கட்டைக்கு மேல் 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டாள் மனைவி. கதவடியை அரை அங்குலம் சீவினேன், காற்றுத் திரும்பிப் போக வழி வேண்டுமே. சாடிகளை வரவேற்பறையின் தெற்கு யன்னலுக்கு மாற்றுவதற்கு அம்மாவிடம் இரண்டு நாள் கதைக்க வேண்டியிருந்தது. "கறிவேப்பிலை என்ர கண்ணுக்கு முன்னால நிக்கவேணும் மோனை" என்றார். ஒரு சாடி அங்கேயே நிற்கிறது, கண்ணாடியில் இலை முட்டாமல்.

யன்னல் கட்டையில் சிலிக்கோன் ஓரமாகக் கரும்புள்ளியாய்ப் பூஞ்சை பிடித்திருந்தது. பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, உடனே துடைத்துக் காயவிட்டேன். சிலிக்கோனுக்குள் ஊறிய இடங்களை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டேன். அம்மாவின் இரவு இருமல் இந்த வருடம் குறைந்திருக்கிறது. அது பூஞ்சையாலா வேறெதாலா என்று நான் சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

இந்தக் குளிர்காலம் அம்மாவின் அறையில் 36. அந்தக் காற்றுக்கு நாலரைப் பாகையில்தான் தண்ணீர் பிடிக்கும். கீழ் விளிம்பு இப்போது திரைச்சீலை மூடியிருந்தாலும் மைனஸ் 14இல் 5 பாகைக்கு இறங்குவதில்லை. மைனஸ் 16இல் நூலளவு ஈரம் வருகிறது. அதற்கும் கீழே போகும் இரவுகளில் அம்மா படுக்கும்போது திரைச்சீலையை ஒரு சாண் திறந்து விடுகிறார், அவ்வளவுதான்.

காசுக் கணக்கு: மானிகள் 39, வெப்பமானி 34, குழாய் வேலையும் நேரச்சுவிட்சும் 90, ஃபேன் 129, ஹூட் வேலை 184. பயன்பட்டது 476 டொலர். பிளாஸ்டிக் தாளிலும் சின்னப் பெட்டியிலும் போனது 83. எரிவாயுத் தொழிலாளியின் கூலி தனி. வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு மாற்றித் தருகிற காற்றோட்டக் கருவி பூட்ட 3,400 டொலர் கேட்டார்கள். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு அதுதான் முழுமையான தீர்வு. வெந்நீர்த்தாங்கியை மாற்றும் வருடம் இரண்டையும் சேர்த்துச் செய்ய எண்ணியிருக்கிறேன்.

திரும்பச் செய்வதென்றால், யன்னல் மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே மானிகளை வாங்கி உப்புச் சோதனை செய்து வைத்துவிடுவேன். ஹியூமிடிஃபையர் திருகை யன்னல் பூட்டும் அன்றைக்கே இறக்குவேன். அட்டிக்குக்குள் கோடையிலேயே ஏறிப் பார்ப்பேன். யன்னல் எடுக்கும்போது ஓரச்சட்டம் உலோகமா, வெப்பம் கடத்தாத பொருளா என்று கேட்பேன். எங்களுடையது உலோகம், அதை நான் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. வெப்பம் கடத்தாத வகையென்றால் கீழ் விளிம்பில் ஒன்றிரண்டு பாகை கூடியிருக்கும். அந்த நூலளவு ஈரமும் வந்திராது.

பேஸ்மென்டில் தம்பியின் யன்னல் இன்னும் பழைய அலுமினியம்தான். அதை அடுத்த செப்டெம்பரில் மாற்றுகிறோம். மூன்றாவது மானியை இப்போதே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இன்று காலை 39 காட்டியது.